சுல்தானுக்குக் கட்டிய பட்டு

ஆரணியில் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிற வெள்ளைக் குதிரை ஒன்று இருக்கிறது. பெண் குதிரை, பெயர் சுல்தான். வேலூர்ப் பக்கம் ஒருவரிடம் வாங்கும்போதே அதன் முதுகுத் துணியில் அந்தப் பெயரை ஜரிகையால் தைத்து வைத்திருந்தார்கள். ஜரிகை அசல். குதிரையை வாங்கிய சிவப்பிரகாசத்துக்கு அதைப் பிரித்துப் போட மனசு வரவில்லை. பெயர் அப்படியே நின்றுவிட்டது. குதிரையும் இதுவரை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

சிவப்பிரகாசம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பல வருஷம் தொட்டியில் ஊறிய கைகள் எந்தச் சோப்புக்கும் அசைவதில்லை. ஒரு நாள் கிளிப்பச்சை, மறுநாள் அரக்கு. முகூர்த்தப் புடவைக்கு வருகிற வீடுகளில் ஊர்வலமும் உண்டு என்று கணக்குப் போட்டுத்தான் குதிரை வாங்கினார். இன்றுவரை அதன் மேல் ஏறி உட்கார்ந்ததில்லை. உயரம் என்றால் பயம்.

ரத்தம் என்றாலும் பயம்தான். விரலில் ஊசி குத்தினால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் சுல்தானின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு என்றால் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். அவர் மனைவி திலகவதி ஒருமுறை கேட்டே விட்டார்: "என் கையை அருவாமணை அறுத்தப்போ அந்தப் பக்கம் திரும்பிகினு நின்னீங்க. இதுக்கு மட்டும் எப்டி?" குதிரை கத்துவதில்லையே என்றார் சிவப்பிரகாசம். அந்தப் பதிலில் இருந்த நியாயத்தைத் திலகவதி ரசிக்கவில்லை.

இந்தத் தை மாதம் செய்யாரில் ஒரு ஊர்வலம். வெண்கல மணி கோத்த புது நெஞ்சுப் பட்டையைப் போட்டு அழைத்துப் போனார். திரும்பி வந்து கழற்றினால், பட்டை உரசிய இடத்தில் தோல் வழன்று, பாதி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. சின்னக் காயம்தான். கவலை வேறு: மாசியில் சம்பந்தம் வீட்டுக் கல்யாணம். சம்பந்தம் பட்டு வியாபாரி. சிவப்பிரகாசத்தின் தொட்டியில் விழுகிற நூலில் பெரும்பங்கு அவருடையது. அவர் மகள் லாவண்யாவின் மாப்பிள்ளை சுல்தான் மேல்தான் வரவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அதற்குள் புண் ஆறவேண்டும். ஆறாமல் பட்டை மாட்டினால் குதிரை கெடும், மாட்டாவிட்டால் சம்பந்தம் கெடுவார்.

சிவப்பிரகாசம் காரியத்தில் இறங்கினார். கழுவினார், துடைத்தார். ஈ மொய்க்காமல் மூடவேண்டுமே என்று யோசித்தபோது, வீட்டில் உள்ளதிலேயே சுத்தமான பொருள் எது என்ற கேள்விக்கு ஆரணியில் வேறு விடை கிடையாது. பூஜைக்கு உட்காருகிறவர் பருத்தி வேட்டியை நனைத்து உலர்த்தி மடி பார்க்கவேண்டும். பட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்குத் தீட்டே கிடையாது. கழிவுப் பட்டு நூலை மெத்தையாக உருட்டிப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார். தினமும் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியது. மகாராணிகளுக்குக்கூட இவ்வளவு மரியாதை நடந்திருக்குமா தெரியாது.

புண் ஆறவில்லை. வெங்காயத்தோல் நிறத்திலிருந்து அரக்குக்குப் போயிற்று, மறுபடி வெங்காயத்தோலுக்கு வந்தது. விசித்திரம் என்னவென்றால், எத்தனையோ பேண்டு வாத்தியத்துக்கு நடுவே தூங்கிவழிந்த குதிரை இப்போது சிவப்பிரகாசத்தைக் கண்டால் பின்வாங்கியது. காதைப் பின்னால் மடக்கியது. கை நிறம்தான் மிரட்டுகிறதோ என்று அவர் ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தார். வலப்பக்கமாகப் போகாமல் இடப்பக்கமாகப் போய்ப் பார்த்தார். வெல்லம் கொடுத்தார். வெல்லத்தைத் தின்றுவிட்டுப் பின்வாங்கியது.

கடைசியில் கால்நடை டாக்டர் சாரா, சந்தவாசல் பக்கம் மாடு பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வந்து எட்டிப் பார்த்தார். கல்லூரிக்குப் பிறகு குதிரையைத் தொடுவது இதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னதால் சிவப்பிரகாசத்துக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. ஆனால் டாக்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் கட்டைத்தான் பார்த்தார்.

"இது என்னங்க?"

"பட்டுங்க, டாக்டர். அதுக்குத் தீட்டே கிடையாதே."

"தீட்டு இல்லீங்க. ஆனா ஒட்டிக்குதே. பட்டுல ஒண்ணு புடிச்சா வுடாதுன்னு உங்களைவிடவா எனக்குத் தெரியும்?"

சிவப்பிரகாசம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இரவெல்லாம் புண் ஊறி, பட்டு நூலைப் பிடித்துக்கொள்கிறது; காலையில் அவர் கட்டைப் பிரிக்கும்போது புதிதாக வந்த தோலும் கூடவே வருகிறது. புண்ணைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தது அவர்தான். குதிரைக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது.

டாக்டர் அன்று செய்ததில் வைத்தியம் என்று வியக்க ஒன்றுமில்லை. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைக் கட்டின் மேல் ஊற்றி, பட்டு தானாகக் கழன்று வரும்வரை பொறுமையாக நின்றார். சுற்றிலும் முடியைக் கத்தரித்தார். அதே தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பிப் புண்ணின் மேல் பீய்ச்சி அடித்தார், தேய்க்கவேயில்லை. குதிரைகளைத் தனுர்வாதம் சீக்கிரம் பிடிக்கும் என்று அதற்கு ஒரு ஊசி போட்டார். ஈ விரட்டும் களிம்பு புண்ணைச் சுற்றித்தான், புண்ணின் மேல் அல்ல. மஞ்சள், எண்ணெய், சாம்பல், கட்டு எதுவும் வேண்டாம். முழுசாக ஆறும்வரை பட்டை, வண்டி, ஆள் மூன்றும் கூடாது. அதற்கு மேல் என்ன செய்வது என்று சிவப்பிரகாசம் கேட்டார். சும்மா இருங்க என்றார் டாக்டர். இருந்த வைத்தியங்களிலேயே அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்யாணத்துக்குள் ஆறாது என்பது தெளிவாகிவிட்டது. சம்பந்தத்தின் கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். சம்பந்தம் தராசில் இருந்த நூலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். பிறகு வழி ஒன்று கண்டுபிடித்தார்: புண்ணின் மேல் நல்ல பட்டுச் சால்வையாகப் போர்த்தி, அதன் மேல் பட்டையைக் கட்டிவிடலாமே.

"பட்டு மட்டும் வேணாங்க," என்றார் சிவப்பிரகாசம்.

ஆரணியில் ஒரு சாயக்காரர் ஒரு பட்டு வியாபாரியிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். சம்பந்தம் வேறு குதிரைக்கு ஆள் விட்டார். முகூர்த்த நாள்; வேலூர்வரை எல்லாக் குதிரைக்கும் அன்று மாப்பிள்ளை இருந்தான். பேஜாராகிப்போய், சுல்தான் வெறுமனே முன்னால் நடந்து வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். நூல் கொடுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பிரகாசமும் கேட்கவில்லை.

ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஹேமநாத்தின் முகத்தில்தான் முதல் வெளிச்சம். குதிரைமேல் ஏறவேண்டுமே என்று நிச்சயதார்த்தத்திலிருந்து பயந்துகொண்டிருந்தவர், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் உற்சாகமாக நடந்தார். சுல்தான் மணி இல்லாமல், பட்டை இல்லாமல், நெஞ்சில் இளஞ்சிவப்பாக ஆறிவரும் புண்ணோடு வந்தது. ஊரில் எல்லார் கண்ணும் நிறத்துக்குப் பழகிய கண். எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

மண்டப வாசலில் ஆரத்தி. சம்பந்தத்தின் அக்கா அபிதகுசாம்பாள் மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தார், குதிரையின் நெற்றியிலும் வைத்தார். பிறகு அதன் நெஞ்சைப் பார்த்து உச்சுக்கொட்டி, பக்கத்துத் தாம்பாளத்திலிருந்த குழைத்த மஞ்சளில் நாலு விரலையும் தோய்த்தார். நல்ல மனசு. சிவப்பிரகாசம் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கல்யாண வீட்டில், பெண்ணின் அத்தை கையை. பேண்டுகூட ஒரு கணம் தடுமாறியது.

"வாணாம்மா. அது தானா ஆறிகினு இருக்குது. நானே தொடறதில்ல."

அபிதகுசாம்பாள் அவரையும், கிளிப்பச்சைக் கையையும், குதிரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மஞ்சளைத் தம்பியின் கன்னத்தில் பூசிவிட்டு உள்ளே போனார். சம்பந்தம் துடைத்துக்கொண்டே சிரிக்கவேண்டியதாயிற்று.

சிவப்பிரகாசம் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்க ஒரு அடி முன்னால் வந்தார். சுல்தான் காதை மடக்கவில்லை. பின்வாங்கவும் இல்லை.