ஓநாய்க்கு எடுத்த ரவை

பிள்ளைகளே, ஜட்லாந்தில் திரும்பவும் ஓநாய் வந்திருக்கிறது, அதைச் சுடலாமா கூடாதா என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் டெனிஷில் சண்டை பிடித்தீர்கள். உங்கள் வேகத்துக்கு எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்பாவுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று சின்னவள் சிரித்தாள். கொஞ்சம் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓநாய்க்கு ரவை, அதாவது துவக்குத் தோட்டா, தெரிவு செய்த ஒரு மனிதனோடு ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

அது ஊரில் சண்டை முடிந்த வருடம். நாங்கள் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில் இருந்தோம். நான் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் வேலை. உங்கள் பெரியப்பா, என் அண்ணை, கடைசி மாதங்களில் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்கள் கண்டதாகவும் சொல்லவில்லை, செத்ததாகவும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மா, அவன் வருவான் என்பதோடு தொலைபேசியை வைத்துவிடுவா. எனக்குள் மட்டும் ஒரு கேள்வி கிடந்தது. போயிருந்தால், வலி தெரியாமல் போனாரா? அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் செத்துவிட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்.

என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர் ஒரு டெனிஷ்காரர். என்னைவிட நல்ல மூப்பு, கதை குறைவு. நான் தொலைபேசியும் கையுமாகத் திரிந்த அந்தக் கிழமைகளில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். வேட்டைக்காரர். இலையுதிர் காலத்தில் சுவீடனிலிருக்கும் மைத்துனர் அவரை அழைத்தார். அங்கே நெடுங்காலத்துக்குப் பிறகு ஓநாய் சுட அனுமதி கொடுக்கப் போகிறார்கள், வா என்று. அன்றிலிருந்து மனிதனுக்கு நித்திரை இல்லை. சந்தோசத்தில் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பயம். தன் குண்டு பட்ட ஓநாய் சாகாமல் ஓடி, பனிக்குள் எங்கேயோ கிடந்து இழுபட்டுச் செத்துவிடக்கூடாது என்ற பயம்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் பழைய பேப்பர் கிடைக்குமா என்று கேட்டார். பேப்பரைக் கட்டாகக் கட்டி ஊறப்போட்டால் கிட்டத்தட்ட இறைச்சி மாதிரியாம். அதற்குள் சுட்டுப் பார்த்தால் உடம்புக்குள் சன்னம், அதாவது ரவையின் குண்டு, என்ன செய்யும் என்று தெரியுமாம். என்னிடம் இருக்கிறது என்றேன். தமிழ்க் கடையில் வாங்கி வாசித்த பேப்பரெல்லாம் சாமான் அறையில் கூரை முட்டக் கிடந்தது. பையைக் கட்டும்போது உங்கள் அம்மா வாசலில் வந்து நின்றா.

"ஓநாய் சுடப் போற வெள்ளைக்கு நீங்கள் ஏனப்பா பேப்பர் காவுறியள்? ஓநாய் எண்டு உங்களைச் சுட்டுப்போடப் போறான்."

"நான் ஓநாய் மாதிரியோ இருக்கிறன்?"

"இல்லை. ஓநாய்க்குத் தலையிலை மயிர் இருக்கு."

சனிக்கிழமை காலை அவருடைய வீட்டுக் குசினி மேசையில் நாலு ரவைகள் நிமிர்ந்து நின்றன. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், பித்தளைக் கோது, நுனியில் சன்னம். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி விளக்கினார். முதலாவது, எல்க் என்கிற குதிரை அளவான மானுக்கு உரியது. பெரிய எலும்பில் முட்டித்தான் விரியும். ஓநாய் உரோமத்தால்தான் பெரிது, உள்ளே மெலிந்த உடம்பு. இந்தச் சன்னம் விரிய முதலே மற்றப் பக்கத்தால் போய்விடும், ஓநாய் ஓடும். இரண்டாவது ஈயமில்லாத முழுச்செம்பு. அதுவும் மெல்லிய உடம்புக்குள் விரியப் பிந்தும். மூன்றாவது நுனியில் ஈயம் தெரிகிற மென்மையான வகை, பட்டவுடன் விரியும். ஆனால் சுவீடனில் சன்னம் இவ்வளவு எடைக்குக் குறையக்கூடாது, இவ்வளவு வலுவோடு போய்ச் சேர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகையால் மென்மையாகவும் இருக்க வேண்டும், பாரமாகவும் இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார்.

நான் கோப்பியைக் குடிக்க மறந்து போனேன். ஒரு ஓநாய் எப்படிச் சாக வேண்டும் என்று ஒரு நாடு உட்கார்ந்து கிராம் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. ஊரில் சன்னங்களை நான் சுவரிலும் கூரையிலும் கண்டிருக்கிறேன். அவற்றைப் பற்றி இப்படி யாரும் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாலாவது எதற்கு என்று கேட்டேன். முனைவரை செம்பு மூடிய, ஊசி போன்ற ஒன்று. அவர் டெனிஷில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இது கடதாசிக்குச் சுட்டுப் பழக. இராணுவம் பாவிக்கிற வகை. விரியாது, துளைச்சுக்கொண்டு போகும். பெரிய மிருகத்தை இதாலை சுட விடமாட்டினம், பாவம் எண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அந்த ரவையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நிறைந்திருந்த என் கோப்பைக்கு இன்னும் கோப்பி ஊற்றினார்.

சுடுகளம் ஊருக்கு வெளியே, பழைய மணற்கிடங்கு ஒன்றுக்குள் இருந்தது. நான் முதல் நாளே கொடுத்த பேப்பர்களை அவர் இரவு முழுக்க ஊறப்போட்டு, கட்டி, மணல் மேட்டில் சாத்தி வைத்திருந்தார். படுத்துத் துவக்கைத் தோளில் வைத்தார். நான் அப்போதுதான், அவர் தந்த தொலைநோக்கியால், கட்டின் முன்பக்கத்தைப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். முகங்கள். எங்கள் பேப்பரில் பாதி மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் என்பது எனக்கு நினைவே வரவில்லை. அந்த வருடம் காணவில்லை என்ற அறிவித்தல்களும் சேர்ந்துகொண்டன. அண்ணைக்கும் ஒன்று கொடுத்திருந்தோம். எந்தப் பேப்பரில், எந்தக் கிழமையில் என்று தெரியாது.

சுடாதே என்று கத்தினேன். எந்த மொழியில் என்று தெரியவில்லை. அவர் உடனே ரவையைக் கழற்றித் துவக்கைக் கீழே வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார்.

"ஆர் இவை?"

"செத்தவை. காணாமல் போனவை. என்ரை அண்ணையும் இதுக்குள்ளை எங்கேயோ இருக்கிறார்."

அவர் முழந்தாளிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். ஊறிய தாள்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்து, புல்லில் விரித்து, பறக்காமல் கல் வைத்தார். நானும் உரித்தேன். அந்தப் பெரிய கைகள் அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று, இயந்திரத்தில் பக்கத்தில் நின்றும் நான் அறிந்திருக்கவில்லை. புல் முழுக்க எங்கள் சனம். ஒரு தாளையும் அவர் விடவில்லை. அண்ணையின் படம் அதில் இருக்கவில்லை.

பிறகு காரில் போய்க் கழிவுக் கடதாசித் தொட்டியிலிருந்து கடை விளம்பரங்களை அள்ளி வந்தார். வாளித் தண்ணீரில் அவை ஊறப் பின்னேரம்வரை பாண் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். பன்றி இறைச்சியும் சலவைத்தூளும் மலிவு என்று போட்டிருந்த பக்கத்தை முன்னால் வைத்து, இதற்கு யாரும் அழமாட்டார்கள் என்றார்.

சுட்ட பிறகு கத்தியால் வெட்டிப் பார்த்தோம். எல்க் சன்னம் கட்டைத் தாண்டி மணலுக்குள் போயிருந்தது. மென்மையான பாரச் சன்னம் மட்டும் உள்ளே கைமுட்டி போகும் அளவுக்குக் குழி பறித்துவிட்டு, காளான்போல விரிந்து நின்றுவிட்டது. என் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. இதுதான் என்றார். அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு மரியாதையோடு ஒருவர் பார்த்ததை நான் கண்டதில்லை.

தை மாதம் சுவீடனிலிருந்து திரும்பி வந்தார். வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில், நான் கேட்காமலே சொன்னார். ஓநாய் மரங்களுக்கிடையில் வந்து நின்றதாம். நின்ற இடத்திலேயே விழுந்ததாம். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்களாம். கடைசி வாய் உணவு என்று ஊசியிலைக் கொப்பு ஒன்றை அதன் பல்லுக்கிடையில் வைத்தாராம், அது அங்கே வேட்டைக்காரரின் வழக்கம்.

அப்போதுதான் கேட்டேன். "அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

அவர் உடுப்புப் பெட்டியைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். ஓநாயைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இல்லை. சன்னம் சத்தத்துக்கு முந்தி வந்திடும். வெடிச்சத்தத்தை அது கேட்டிருக்காது. மரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டது, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அம்மாவோடு நீச்சலுக்குப் போயிருந்தீர்கள். செத்த செய்தி காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணையைப் பற்றி எனக்குச் செய்தி சொல்ல இனி யாரும் வரப்போவதில்லை. குளியலறைக் கதவைச் சாத்தினேன். குழாயைக் குளிர்ப் பக்கம் முழுக்கத் திருப்பி, சாயம் படிந்த வேலைச் சட்டையோடு அதன் கீழே நின்று தலை முழுகினேன்.