வருடப்பிறப்புத் தட்டில் நான் வைத்த அட்டை

எங்கள் சபையில் வருடப்பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். வேத வசனம் எழுதிய சின்ன அட்டைகள் அதில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம், அந்த வருடத்துக்கு ஆண்டவர் தனக்கென்று சொன்ன வார்த்தை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அட்டைகள் முன்பு இந்தியாவிலிருந்து அச்சாகி வந்தன. எழுபதுகளில் இறக்குமதி நின்றபோது அவையும் நின்றன. உங்கள் கையெழுத்துத்தான் நல்லது, நீங்களே எழுதித் தாருங்கள் என்று போதகர் என்னிடம் கேட்டார். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துப் பழைய மட்டைகளை வெட்டி எழுதத் தொடங்கினேன்.

அப்போதுதான் தீர்க்கதரிசிகளை ஒழுங்காக வாசித்தேன். அந்த மனிதர்களிடம் ஆறுதல் தனியாகக் கிடைப்பதே இல்லை. மேல் வசனத்தில் அடி விழும், கீழ் வசனத்தில் அணைப்பு இருக்கும். அடித்த கைதான் அணைக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அணைப்புக்கே பொருள். நாங்களோ மீனில் முள் எடுப்பது போல அடியை எடுத்து எறிந்துவிட்டு அணைப்பை மட்டும் தட்டில் வைத்தோம். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன். மூன்றாம் வருடம் எனக்குக் கோபம் வந்தது.

கோபம் எங்கள் சபை மூப்பர் மேல். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அரிசிக்கும் மாவுக்கும் விடியற்காலையே வரிசையில் நின்ற காலம் அது. கடையில் தராசு அவர் பக்கம் பார்த்தபடி இருக்கும். முள் எங்கே நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் கொண்டுபோய் நிறுத்தால் எப்போதும் குறையும். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை எழும்பி வேதபாடம் வாசித்தால் கூரை அதிரும். கேட்டுக்கொண்டு இருக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆமோசின் புத்தகத்தில் கள்ளத் தராசு வைத்து ஏழைகளை விழுங்குகிறவர்களைப் பற்றி ஓர் இடம் உண்டு. உங்கள் பண்டிகையைத் துக்கமாக்குவேன், ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அழுவது போல அழுவீர்கள் என்று அது போகும். தராசைப் பற்றிய பாதியை நான் எழுதவில்லை. அட்டை சின்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். தராசு என்று இருந்தால் எழுதியவள் யார், ஏன் எழுதினாள் என்று சபை முழுக்கப் பேசும். துக்கத்தை மட்டும் எழுதி, அந்த அட்டையைத் தட்டின் மேலே வைத்தேன். முதல் வாங்கில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பவர் மூப்பர். எப்போதும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார்.

அன்று அவர் கையை நீட்டினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார். அங்கே இடியப்பக்கார அக்கா கூடையோடு நின்றார். மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஜெட்டியடியில் இடியப்பம் விற்கிறவர். அன்றைக்கும் ஓட வேண்டும். நீ முதலில் எடுத்துக்கொண்டு போ பிள்ளை என்று மூப்பர் வழி விட்டார். அந்த மனிதர் ஒருவருக்கு வழி விட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

அக்கா வாசலில் நின்று அட்டையை வாசித்தார். ஒரு தரம் வாசித்து, மறுபடியும் வாசித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். நான் எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

அவருக்கு ஒரே மகன். தகப்பன் இல்லாத பொடியன். தேயிலை ஏற்ற வந்து துறைமுகத்தில் நின்ற கப்பலில் அவனுக்குச் சமையலறை வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கதையோடு கதையாகச் சொன்னாள்: அந்த மனுஷி மகனைக் கப்பலுக்கு விடமாட்டேன் என்று நிற்கிறதாம், ஆண்டவரே அவனைக் கேட்டுவிட்டார் என்று அழுகிறதாம், கப்பல் நாளைக்குப் போகிறதாம்.

நான் செருப்பைக்கூடப் போடாமல் போனேன். அக்கா குசினியில் மா அவித்துக்கொண்டு இருந்தார். பொடியன் முற்றத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். அந்த அட்டையை நான்தான் எழுதினேன், அது உங்களுக்கு இல்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அப்ப கடவுள் சொல்லேல்லையா இதை?"

"சொன்னவர் அக்கா. ஆனா உங்களுக்கில்லை. கள்ளத் தராசு வைச்சிருக்கிற ஆக்களுக்கு. அந்தப் பாதியை நான் எழுதாமல் விட்டிட்டன்."

நான் கொண்டுபோன வேதத்தைத் திறந்து, விட்ட பாதியையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். பிறகு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன். விழுந்ததைத் திரும்பக் கட்டுவேன் என்று அங்கே வருகிறது. அக்கா சேலைத் தலைப்பை அவிழ்த்து அட்டையை என் கையில் வைத்தார். உள்ளே போகச் சொல்லி மகனுக்குக் கை காட்டினார். சட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னதுதான் அது. அவன் எழும்பி ஓடின ஓட்டத்தில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"ஆருக்கு ரீச்சர் எழுதினனீங்கள்?"

இதற்காகத்தான் காத்திருந்தவள் போல நான் மூப்பரின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தராசால் அதிகம் இழந்தவர் இந்த அக்காதான். மாதான் அவருடைய பிழைப்பு. அவருக்காகத்தானே எனக்குக் கோபம் வந்தது.

அவர் மாவைக் கையால் உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

"மா குறையிறது என்ரை கைக்குத் தெரியும் ரீச்சர். ஆனா அந்தாளுக்கும் ஒண்டே ஒண்டுதானே."

மூப்பருக்கு ஒரே மகன். சின்ன வயதில் என் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன். அவனுடைய கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். அந்த வசனத்தை என் நல்ல கையெழுத்தில் எழுதியபோது அவன் எனக்கு ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை. தீர்க்கதரிசிகள் தங்கள் சனத்துக்கு முகத்துக்கு நேரே சொன்னார்கள், சொல்லிவிட்டு அழுதார்கள். நான் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் கப்பல் போனது. அன்றைக்கே சங்கக்கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், தராசை எங்கள் பக்கம் திருப்பி வையுங்கோ ஐயா, எல்லாருக்கும் தெரியட்டும் என்று சொன்னேன். மூப்பர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அசையவில்லை.

மூலையில் சீனிப் பொட்டலம் கட்டிக்கொண்டு இருந்த அவருடைய மகன் எழும்பி வந்து, தகப்பனைப் பார்க்காமல், தராசைத் திருப்பி வைத்தான்.