வாசற்படியில் ஒரு பள்ளம்

ஒரு மூதாட்டி கடல் கடந்து கொண்டுவந்த கல்லை நான் பாழாக்கினேன்.

அவர் பிரெஞ்சுக்காரர். பிரான்சில் அவருடைய கிராமத்தில், பாதிரியாராக இருந்த பெரியப்பா வாழ்ந்த பழைய இல்லத்தை இடித்துவிட்டார்கள். அதன் கற்களைக் கொண்டுவந்து, அதே தடித்த சுவர்களும் சின்ன ஜன்னல்களுமாக அரபு அமீரகத்தின் புஜைராவில் வீடு கட்டினார். சைட் இன்ஜினியர் நான்.

வாசற்படிக் கல்லின் நடுவே பள்ளம் இருந்தது. கொத்தனார் முருகேசன் சிரித்தார். "சார், இதுல கோழிக்குத் தண்ணி வைக்கலாம். சிமென்ட் பூசி லெவல் பண்ணிரவா?"

"பண்ணிருங்க."

மறுநாள் வந்த அம்மையார், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் அந்தப் பள்ளத்தைத் தேடினார். கல்யாணம், சாவு, பசி என்று கதவைத் தட்டியவர்கள் தலைமுறைகளாக மிதித்துத் தேய்த்த இடம் அது என்றார். வாசற்படியை மிதிக்காமல் தாண்டியே பழகிய எனக்கு, அது தோன்றவே இல்லை.

சிமென்ட்டை நானே உளியால் கொத்தி எடுத்தேன். பள்ளம் திரும்பியது; வழவழப்பு திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"கால் பட்டால் சரியாகும். வந்துபோய்க்கொண்டிருங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் முருகேசனும் நானும் போகிறோம். "மன்னிச்சுக்க தாயே" என்று முணுமுணுத்தபடி முருகேசன் படியை மிதிக்கிறார். பின்னால் நானும் மிதிக்கிறேன். கல் இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது.