மூவ் ஆயிருச்சுக்கா

எங்கள் ஆபீசில் 'மூவ்' என்ற சொல் இல்லையென்றால் பாதிப் பேருக்கு வாயே திறக்காது. பெங்காலிக்காரர் வந்து கேட்டால் "மூவ் ஹோ கயா", நம்மாள் வந்தால் "மூவ் ஆயிருச்சு". ஃபைல் பக்கத்து மேஜைக்குப் போனாலும் மூவ்தான், இருந்த இடத்திலேயே புரண்டு படுத்தாலும் மூவ்தான். போர்ட் பிளேரில் பதினாறு வருஷமாக இதை வைத்துத்தான் குப்பை கொட்டுகிறேன்.

கச்சால் தீவில் ஒரு அக்கா. சிலோனிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அவர் புருஷனுக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அரசுச் செலவில் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்ய எங்கள் ஆபீஸ் உத்தரவு வேண்டும். மனு என்னிடம்தான் வந்தது.

"மூவ் ஆச்சுங்களா தம்பி?" என்று போனில் கேட்டார். அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டதே நான்தான்.

"ஆயிருச்சுக்கா, கிளம்பி வாங்க" என்றேன். ஃபைல் என் இழுப்பறையில் கிடந்தது. அரைப் பக்கம் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சோம்பேறித்தனம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

நான் சொன்னதை நம்பி, புருஷனைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டார். மறுநாள் சென்னைக் கப்பல். அன்றைக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடும் சாஹிப் டூரில் இருந்தார்.

"மேல போயி நின்னுருச்சுக்கா" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

"நீங்க என்னா செய்வீங்க தம்பி" என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டுக்கு எடுத்துப் போனேன். வெட்கங்கெட்டவன், சட்னியும் அரைத்துச் சாப்பிட்டேன்.

சாஹிப் திரும்பிய அன்று குறிப்பை எழுதினேன். அரைமணி நேரத்தில் கையெழுத்தாகி வந்தது. அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை இருவரும் ஜங்லிகாட்டில் சொந்தக்காரர் வீட்டில் கிடந்தார்கள். என் வீடும் அதே ஜங்லிகாட்தான். ஆபீசுக்குச் சுற்றுவழியாக ஸ்கூட்டரில் போய்வந்தேன்.

சென்னையிலிருந்து அக்கா போன் பண்ணினார். "அந்தக் கண்ணு போயிருச்சுங்க தம்பி. பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நீங்க அப்பவே மூவ் பண்ணி விட்டீங்க. மேல இருக்கிறவங்களுக்கு மனசு வரல."

"ஆமாக்கா" என்றேன்.