ஐஸ் பெட்டியில் போன இரத்தம்

பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று நெடுந்தீவுக்குத் திரும்பியிருந்தேன். மனைவிக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும், மூச்சு வாங்கும். யாழ்ப்பாணத்து டொக்டர் நீரை இறக்கும் குளிசை கொடுத்தார். அது வீக்கத்தோடு உடம்பிலுள்ள பொட்டாசியத்தையும் கொண்டுபோய்விடுமாம். அதற்கு ஈடாக உப்புக் கைப்பான ஒரு மருந்துத் தண்ணீரும் தினமும் வாழைப்பழமும். பொட்டாசியம் குறைந்தாலும் கூடினாலும் இருதயத்துக்கு ஆபத்து, மாதம் ஒருமுறை இரத்தம் சோதிக்கவேண்டும் என்றார்.

குளிசை போட்டால் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழும்பவேண்டும். யாழ்ப்பாணம் போகக் கடல் கடக்கும் வள்ளத்தில் அதற்கு வசதியில்லை. ஆகவே அவள் போகாமல் இரத்தத்தை மட்டும் அனுப்ப நான் ஒழுங்கு செய்தேன். தீவு மருந்தகத்தில் எடுப்பித்து, பெயர், வயது, நேரம் எழுதி ஒட்டி, மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். பழுதாகக்கூடாத எதையும் நாங்கள் அப்படித்தான் அனுப்புவோம். படிவத்தின் பிரதி ஒன்றையும் என் கடுதாசிக் கோவையில் போட்டுக்கொண்டேன்.

முடிவு வந்தது: பொட்டாசியம் மிக அதிகம். டொக்டரைக் கேட்கும்வரை நான் பொறுக்கவில்லை. மருந்துத் தண்ணீரை நிறுத்தினேன். வாழைக்குலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். குளிசை மட்டும் தொடர்ந்தது.

பத்தாம் நாள் கிணற்றடியில் வாளியை இழுக்கமுடியாமல் அவள் கயிற்றைக் கைவிட்டாள். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பொட்டாசியம் கூடினாலும் இப்படி வரும் என்று நான் கடுதாசியைக் காட்டி விளங்கப்படுத்தினேன்.

"கடுதாசியிலை இருக்கிறது ஆரின்ரை இரத்தமோ தெரியாது. எனக்கு நிக்க ஏலாமல் கிடக்கு," என்றாள்.

அன்றே வள்ளம் ஏறினோம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து உடனே சோதித்தார்கள். பொட்டாசியம் பயப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. முந்திய சோதனைக்கு இரத்தம் எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டார். சற்றுப் பெருமையோடு ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, குளிரிலை கிடந்தால் இரத்தக் கலங்களுக்குள்ளை இருக்கிற பொட்டாசியம் வெளியிலை கசிஞ்சிடும். உங்களுக்கு வந்தது அந்தக் கணக்கு."

ஐந்து நாள் அவளை வார்டில் வைத்திருந்தார்கள். இருதயம் ஒழுங்குக்கு வந்தது. திரும்பும் வழியில் வள்ளத்தில் ஒரு வாழைப்பழத்தை உரித்தபடி சொன்னாள்: "இஞ்சருங்கோ, இனி என்ரை இரத்தம் என்னோடைதான் வரும்."

அதன்பிறகு மாதாமாதம் அவளே கடல் கடந்தாள். பயண நாளில் குளிசையை வீட்டுக்கு வந்தபின் போட்டால் போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை முதல் மாதமே நான் கேட்டிருக்கலாம். அதற்குப் படிவம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.