ஆணியில் மாட்டிய சாவி

சாவியை மேசைமேல் வைக்கவே மாட்டார். என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டுத்தான் போவார். ஸ்டேஷனில் எல்லாருக்கும் அவர் பாயின்ட்ஸ்மேன் அக்கா; ரயிலைத் தடம் மாற்றிவிடுவதும் வேகன்களைக் கட்டுவதும் அவர் வேலை. தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேனாக இருந்த கணவர் இறந்தபின் கிடைத்த வேலை. அந்த ஒரு சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். தனியாக நிறுத்துகிற வேகன்கள் உருண்டுவிடாதபடி சக்கரத்தைத் தண்டவாளத்தோடு சங்கிலியால் கட்டிப் பூட்டுவார்கள். பூட்டின் சாவி என் அறைக்கு வந்த பிறகுதான் இன்ஜினைக் கழற்றச் சொல்ல வேண்டும். அதைக் கையில் கொடுப்பது அக்கா தானாக வைத்துக்கொண்ட வழக்கம். "மேசமேல வச்சா அது வெறும் இரும்பு சார். கைல குடுத்தாத்தான் நான் கட்டிட்டேன்னு அர்த்தம்" என்பார். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று நான் சிரித்ததுண்டு.

ஓர் ஆடி மாதப் பிற்பகல். ஜல்லி ஏற்றிய மூன்று வேகன்களைப் பக்கத்து லைனில் விட்டுவிட்டு இன்ஜின் போக வேண்டும். "இன்னும் ஏன் கிளம்பவில்லை" என்று கண்ட்ரோலர் போனில் துளைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. அக்கா உள்ளே வந்ததும் பின்னறைக்குப் போனதும் அரைகுறையாகத் தெரிந்தது. நிமிர்ந்தபோது மேசைமேல் சாவி இருந்தது. கட்டியாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதி, சாவியை ஆணியில் மாட்டி, வாக்கி டாக்கியில் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன்.

அக்கா பின்னறையிலிருந்து கையில் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். "சாவி எங்க சார்? பூட்டு துருப்புடிச்சிக்கினு தொறக்கவே மாட்டேங்குது."

ஆணியைப் பார்த்தார். ஜன்னல் வழியே, போய்க்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தார். குப்பியைப் போட்டுவிட்டு ஓடினார்.

நானும் ஓடினேன். வேகன்கள் மெல்ல, ஆள் நடக்கிற வேகத்தில், மெயின் லைன் பக்கம் நகர ஆரம்பித்திருந்தன. விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வருகிற நேரம். அக்கா ஓரத்தில் கிடந்த மரக்கட்டையைத் தூக்கி முன்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். சக்கரம் அதை நசுக்கிக்கொண்டு ஏறியது. இன்னொரு கட்டையை வைத்தார். நின்றது. மெயின் லைனுக்குப் பத்தடி இருந்திருக்கும். அந்தச் சக்கரத்துக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

பிரமோஷன் பட்டியலில் என் பெயர் இருந்த சமயம் அது. பூட்டுக்கு எண்ணெய் விட்டுச் சங்கிலியைக் கட்டி முடித்ததும், "யாரும் பாக்கலக்கா. இத்தோட விட்டுடலாம்" என்றேன். இதை இப்போது எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா மூச்சு வாங்க நின்றார். "இன்னிக்கி கட்டைக்கு நின்னுச்சி சார். நாளைக்கி நிக்கலன்னா? கட்டாததக் கட்டுனேன்னு புக்குல இருக்கக் கூடாது. எழுதுங்க. சாவிய மேசமேல வச்சது நானுன்னும் சேத்து எழுதுங்க."

"உங்களுக்கு வேலையே போய்டும்க்கா."

"தெரியும் சார். எழுதுங்க."

எழுதினேன். வேலை போகவில்லை. ஆனால் அவரை விழுப்புரம் யார்டுக்கு மாற்றினார்கள். வீடு இருந்த கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் வந்தார். என் பிரமோஷன் தள்ளிப்போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நியாயம் அவர் பக்கம் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

மூன்று வருடம் கழித்து நானும் விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தேன். முதல் நாள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று நான் பதிவேட்டுக்குள் குனிந்திருக்க, அக்கா வந்து நின்றார். என் கையைப் பிடித்துச் சாவியை வைத்து விரல்களை மடக்கினார். "கட்டிட்டேன் சார்." அவ்வளவுதான். இவ்வளவு பெரிய மனசு உள்ள ஒருவரோடு வேலை செய்ததைவிட எனக்கு வேறென்ன பிரமோஷன் வேண்டும்?

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் நிமிர்ந்து பார்த்தபோது மேசைமேல் ஒரு சாவி இருந்தது. வைத்தவரைக் காணவில்லை. நான் அதைத் தொடவில்லை. வெயிலில் யார்டின் கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்தேன். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டி இருக்குதா சார்?"

"இருக்குதுக்கா. இழுத்துப் பாத்துட்டேன்."

"அப்ப போய் எழுதுங்க."