கீபோர்டைத் தொடாத முதல் ஒரு மணி நேரம்

"சார், எக்ஸ்பர்ட் லேப் எழுதப் போறேன், டம்ப் இருந்தா அனுப்புங்க" என்று வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது எனக்கு மெசேஜ் போடுகிறது. எக்ஸ்பர்ட் லேப் என்பது நெட்வொர்க் தொழிலின் மிகக் கடினமான செய்முறைத் தேர்வு. டம்ப் என்றால் திருட்டுத்தனமாக வெளியே வந்த கேள்வி-பதில். என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். அதற்குப் பதிலாக மேகலாவைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

1. இரண்டாவது ஃபெயில்

மேகலாவும் நானும் பெங்களூரில் ஒரே கம்பெனியின் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் வேலை பார்த்தோம். நான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவள் அதே ஊரில் நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் பேச ஆரம்பித்து கன்னடத்தில் திட்டி முடிப்பாள், கோபம் வந்தால் எதிரில் யார் இருந்தாலும் 'குரு'தான். வேலையில் புலி. எங்காவது லிங்க் விழுந்து இணைப்பு அறுந்தால் நாங்கள் டயக்ராமைத் திறப்பதற்குள் எந்த ரவுட்டர் என்று சொல்லிவிடுவாள்.

அந்த அறையில் திங்கட்கிழமைதோறும் காலை, மத்தியானம், இரவு என்று ஷிப்ட் மாறும். அவளுடைய மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. காலையில் எழுந்ததும் பாப்பா கேட்கும் முதல் கேள்வி, "அம்மா இருக்காங்களா, போயிட்டாங்களா?" என்பதுதானாம். இதை மேகலா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

டிசைன் டீமுக்கு எப்போதும் பகல் வேலை. அங்கே ஒரு இடம் காலியானது. மேனேஜர் பிரகாஷ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எக்ஸ்பர்ட் சர்டிஃபிகேட்டோட வா, சீட் உனக்குத்தான். இந்த குவார்ட்டர் முடியற வரைக்கும் ஹோல்ட் பண்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல மேகலா."

அதற்கு முன்பே அவள் அந்தத் தேர்வை ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். இரண்டாவது முறையும் ஃபெயில் என்று மெயில் வந்த அன்று, நேராக மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு வந்து பையை சோபாவில் வீசினாள்.

"செம கடுப்பா இருக்கு குரு. எல்லாம் பண்ணிப் பார்த்த டாஸ்க்குதான். கை அது பாட்டுக்கு அடிச்சிட்டே போச்சு. அப்புறம் எப்படி ஃபெயில் ஆவேன்?"

எனக்கும் புரியவில்லை. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்து முடித்ததும், "இன்னொரு தடவை எழுதறேன். நீயும் எழுது மூர்த்தி. தனியா படிச்சா பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள். நான் சரி என்பதற்கு முன்பே அந்த குவார்ட்டர் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தேர்வுக்கு சீட் போட்டுவிட்டாள்.

2. உடைக்கும் சனிக்கிழமை

எங்கள் வீட்டு முன்னறையில், பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய சர்வர் ஒன்றை வைத்தோம். அதற்குள்ளேயே ஒரு பெரிய கம்பெனிக்கு வேண்டிய ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் மென்பொருளாக ஓட்டலாம். அதன் ஃபேன் சத்தம் மிக்சி போல இருக்கும். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் மாமி இறங்கி வந்து, "என்னப்பா, மாவு மெஷின் நடத்தறேளா?" என்று கேட்டார். "ஆமா மாமி, ராகி இருந்தா குடுங்க, அரைச்சுத் தர்றேன்" என்றாள் மேகலா. மாமி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை என்றால் உடைக்கும் நாள். ஒருவர் முழு நெட்வொர்க்கையும் கட்டி முடித்து, தெருமுனைக்குப் போய் காபி குடித்துவிட்டு வர வேண்டும். அதற்குள் மற்றவர் அதில் நாலைந்து இடத்தில் கை வைப்பார். திரும்பி வந்து எது உடைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். உடைப்பதில் மேகலா ராட்சசி. ஒருமுறை பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் மட்டும் தட்டி வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பக்கத்தில் சாவகாசமாக முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நான் வேறு மாதிரி செய்தேன். நெட்வொர்க்கில் கை வைக்காமல் கேள்வியில் கை வைத்தேன். அவள் பலமுறை செய்த அதே டாஸ்க்தான், இரண்டு கிளைகளுக்கு நடுவே வழி ஏற்படுத்தும் டாஸ்க். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ஸ்டாட்டிக் ரூட் போடக் கூடாது. ஸ்டாட்டிக் ரூட் என்றால், ரவுட்டர் தானாக வழியைத் தெரிந்துகொள்ள விடாமல் நாமே எழுதிக் கொடுத்துவிடுவது.

மேகலா மின்னல் வேகத்தில் முடித்தாள். பிங், அதாவது சோதனைச் செய்தி, மறுமுனைக்குப் போய் வந்தது. "பார்த்தியா!" என்று நிமிர்ந்தாள். நான் அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். அவள் போட்டிருந்தது ஸ்டாட்டிக் ரூட்.

மேகலா தன் கையைத் தானே ஓங்கி அடித்தாள்.

"அடச்சே! எனக்கு வேலை தெரியாம ஃபெயில் ஆகல மூர்த்தி. கேள்வியப் பார்த்ததும் கை ஓடிருது. கண்ணு இன்னும் படிச்சே முடிக்கல."

அடுத்த சனிக்கிழமை வந்து கேள்வித்தாளைத் திறந்து வைத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்ற?"

"அரெஸ்ட் பண்ணியிருக்கேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் ஜாமீன் கிடையாது."

கேட்கச் சிரிப்பாக இருக்கும். நீங்கள் செய்து பாருங்கள், தெரியும். பதில் தெரிந்த கேள்வி கண்முன்னே இருக்கும்போது சும்மா இருப்பது மகா கஷ்டம். அவள் தோள் துடிக்கும், பல்லைக் கடிப்பாள், உட்கார்ந்தபடியே கன்னடத்தில் முனகுவாள். ஆனால் கை வெளியே வராது. நான் இரண்டு நாள் முயன்று விட்டுவிட்டேன். அவள் விடவில்லை.

3. ஹால்

தேர்வு எட்டு மணி நேரம். கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதனால் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பித்ததும் ஹால் முழுக்க கீபோர்டு சத்தம். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மூலையில் மேகலா தொடைக்கு அடியில் கையை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே. கண்காணிப்பாளர்கூட அவள் பக்கம் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அடித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் அவசர அவசரமாக எதையெதையோ சேர்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தால் மறுபடியும் கையை அடியில் வைத்துவிட்டாள். முதல் கேள்வியிலிருந்து திரும்பப் படிக்கிறாள்! போச்சு, கை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன்.

"ஒரு இடத்துல, கேள்வியில வேண்டாம்னு சொன்னதப் போட்டு வெச்சிருந்தேன் மூர்த்தி. நல்லா ஓடிட்டிருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அழிச்சியா? அந்த நேரத்துலயா?"

"வேற என்ன பண்றது? வேற வழியில திரும்பப் போட்டேன். பிங் வந்துச்சு, சேவ் பண்ணேன், டைம் முடிஞ்சிருச்சு. சும்னே இரு, பேசாத."

அந்த நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அழிக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு நெஞ்சழுத்தம் உள்ள இன்ஜினியரை நான் பார்த்ததில்லை. டம்ப் கேட்கும் பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய பாடம் அதுதான். கேட்டது வேறு, நாம் செய்தது வேறு என்று தெரிந்தால், அது எவ்வளவு அழகாக ஓடினாலும் அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

மறுநாள் மத்தியான ஷிப்ட் தொடங்கும்போது இருவருக்கும் மெயில் வந்தது. எனக்கு ஃபெயில். மேகலா போனை என் கையில் கொடுத்து, "நீயே படி, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். பாஸ். நான் போட்ட கூச்சலில் பிரகாஷ் கேபினிலிருந்து எழுந்து வந்துவிட்டார். மெயிலைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை டிசைன்ல ஜாயின் பண்ணிடு" என்றார்.

அவள் உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். பாப்பாதான் எடுத்தது. ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"யாழி, திங்கக்கிழமைல இருந்து அம்மா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்டி."

பாப்பா கொஞ்சம் யோசித்தது.

"அடுத்த திங்கக்கிழமை மாறிடுமா?"

ஒரு ஊரையே பேசி ஜெயிக்கும் மேகலா போனை என் பக்கம் நீட்டினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. போனை நான் வாங்கி, "இல்லடா கண்ணு, இனிமே மாறாது" என்றேன்.